முடிவைச் சொல்லக் கூடாது

கொஞ்சம் தள்ளி உட்காரும்மா. ஜன்னலோரம் நீயே இருந்துகொள், எனக்கு இந்த ஓரம் போதும். பையை மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். கீழே யாரோ தக்காளியை நசுக்கியிருக்கிறார்கள் பார். உள்ளே புத்தகம் இருக்கிறது, ஈரம் பட்டால் போச்சு.

உன் கையிலும் புத்தகம்தானா? மூட வேண்டாம், நீ படி. நான் தொந்தரவு செய்ய மாட்டேன். கல்லூரியா? முடித்தாகிவிட்டதா? நல்லது. அதிகம் பேச மாட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை. என் வகுப்பில் எனக்குப் பிடித்த பிள்ளைகள் எல்லாம் பேசாத பிள்ளைகள்தான்.

நான் பேசுவது பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறதா? எல்லோரும் சொல்வார்கள். மார்க்கெட்டில்கூட, "தமிழம்மா, கிலோ எம்புட்டுன்னு கேளுங்க. 'விலை என்னப்பா'ன்னா எங்களுக்குப் பரீட்சை மாதிரி இருக்கு" என்று கேலி செய்வார்கள். தமிழ் நடத்துகிற டீச்சரைப் பிள்ளைகள் தமிழம்மா என்றுதான் கூப்பிடும். அது அப்படியே ஊருக்கும் பரவிவிட்டது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. பேர் வேண்டாம். வேலை இன்னும் இருக்கிறது. போனது சாவி மட்டும்தான்.

நூலகப் பீரோ சாவியைச் சொல்கிறேன். நாளைக்கு ஒப்படைக்க வேண்டும். யாரிடம் தெரியுமா? விளையாட்டு டீச்சரிடம். அவள் நல்ல பெண்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் சாவியைக் கேட்டு வந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "மேல் தட்டுல ஷட்டில் பேட் வைக்கலாங்களா தமிழம்மா?"

எங்கள் பள்ளியில் நூலகர் என்று தனியாக ஒருவர் கிடையாது. யாராவது ஒரு டீச்சர் தலையில் கட்டுவார்கள். புத்தகம் தொலைந்தால் அந்த டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் பொறுப்பு வாங்கியதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை பீரோவைப் பூட்டுவது. என் கைக்கு வந்தபோது பூட்டு துருப்பிடித்துப்போய், எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் திறந்தேன். நான் திறந்தேன். அதை மட்டும் யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உள்ளே என்ன இருந்தது என்கிறாய்? நரியும் காக்காயும். பதினாறு வயதுப் பிள்ளைக்கு நரியும் காக்காயும் எதற்கு, சொல். வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து சோற்றுப் பானையை உதைக்கிறார். அக்கா வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்று கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை காலையில் குளித்துப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் உட்காருகிறது. அதைப் பற்றியெல்லாம் எழுதியவர்கள் இருக்கிறார்களே அம்மா. நான் தேடித் தேடி வாங்கினேன். குடி, சாதி, வரதட்சணை, சின்ன வயதுக் கல்யாணம், வீட்டுக்குள்ளேயே கை நீட்டுகிற சொந்தக்காரர்கள். ஆமாம், அதையும்தான் வாங்கினேன். கணக்கு டீச்சர் புவனேஸ்வரி, "இதெல்லாம் படிச்சா புள்ளைக பயந்துரும் தமிழம்மா" என்றாள். உன் கணக்கைப் பார்த்துப் பயப்படாததா என்றேன்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுகிற மாதிரி.

தலைப்பைப் பார்த்தால் வீட்டில் கேள்வி வரும் இல்லையா? அதனால் எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை போட்டேன். முதுகில் எண் மட்டும் ஒட்டினேன். அட்டை விஷயத்தில் நான் கறார். பாடப்புத்தகமாகவே இருந்தாலும் முன்னும் பின்னும் அட்டை மூடாமல் என் வகுப்புக்குள் வரக் கூடாது. பிள்ளைகள் எண்ணைச் சொல்லியே கேட்கும். "அம்மா, நாப்பத்தொண்ணு வந்துருச்சா?" "அம்மா, அம்பத்தஞ்சு படிச்சு அழுதுட்டேம்மா." கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா?

வெள்ளிக்கிழமைதோறும் காலை பிரேயரில், செய்தி வாசித்து முடிந்ததும், ஒரு பிள்ளை மைக்கில் வந்து தான் படித்த புத்தகத்தைச் சொல்ல வேண்டும். அது நான் கொண்டுவந்த வழக்கம். இரண்டே விதி. புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். முடிவைச் சொல்லக் கூடாது. முடிவு தெரிந்துவிட்டால் யார் வாங்கிப் படிப்பார்கள்?

அப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நாகஜோதி வரும்வரைக்கும்.

அவளைத் தப்பாகச் சொல்லவில்லை. பதினொன்றாம் வகுப்பு. ஒல்லியாக, கடைசி பெஞ்சில், இருக்கிற இடமே தெரியாத பிள்ளை. அம்மா இல்லை. அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் மத்தியானம் பீரோ பக்கம் வந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். என்ன வேண்டும் என்றேன்.

"தமிழம்மா, பதினெட்டு வயசு ஆகலைன்னா கல்யாணம் செல்லாதாம்மா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த வயதில் சட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற பிள்ளை எங்கே இருக்கிறது? முதுகில் தட்டிக்கொடுத்தேன். வாயால் சொன்னால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாய், இதைப் படி என்று அறுபத்து மூன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மலையடிவார ஊரில் சின்னப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறார்கள், அந்தக் கதை. சட்டம் என்ன சொல்கிறது என்பதும் நடுவிலே அழகாக வரும்.

வாங்கிக்கொண்டாள். ஆனால் போகவில்லை. "வேற எதுவும் கேக்கணுமா?" என்றேன். இல்லம்மா என்றுவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்துத் திரும்பவும் வந்தாள். நான் புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். "பாதி படிச்சிருக்கேம்மா" என்றாள். நல்லது என்றேன். "இதுல அந்தப் பொண்ணுக்கு டவுன்ல ஒரு சித்தப்பா இருக்காரு. அவரு உதவுறாரு. அப்படி யாருமே இல்லாதவங்க என்னம்மா செய்வாங்க?"

பார்த்தாயா கேள்வியை? பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் கேட்க மாட்டார்கள் இந்தக் கேள்வியை. நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "நாகஜோதி, இதைத்தான் விமர்சனப் பார்வை என்பது. வெள்ளிக்கிழமை பிரேயரில் நீ பேசு. இதையே பேசு." முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு மைக்கில பேச வராதும்மா. உங்ககிட்ட மட்டும்" என்று இழுத்தாள். கூச்சம். உன்னை மாதிரிதான். கூச்சத்தை உடைப்பதுதானே எங்கள் வேலை? பேசித்தான் ஆக வேண்டும் என்று பெயர் கொடுத்துவிட்டேன்.

கண்டக்டர் தம்பி, எனக்கும் ஒரு சீட்டு கொடுப்பா. ஆமாம், பெண்களுக்குக் காசில்லை, ஆனாலும் சீட்டு கையில் இருக்க வேண்டும் இல்லையா. நாளைக்குச் செக்கிங் வந்தால் நான் ஏறியதற்கு என்ன ஆதாரம்? என்னப்பா சிரிக்கிறாய்?

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன். ஆமாம், மைக்.

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் பிள்ளைகளை வராண்டாவில் வரிசையாக நிறுத்தியிருந்தோம். நாகஜோதி வந்தாள். எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள். கையில் தாள் எதுவும் இல்லை. அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

"நான் படிச்ச புத்தகத்தோட எண் அறுபத்து மூணு. இதுல ஒரு பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. அவளுக்கு அம்மா கிடையாது. அவ அத்தை மகன் கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுறாரு. அவருக்கு முப்பது வயசுக்கு மேல. பங்குனியில கல்யாணம்னு பேசி முடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணுக்குப் படிக்கணும்னு ஆசை. அப்பாகிட்டச் சொன்னா அடிக்கிறாரு. யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியல. அவங்க பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லலாம்னு போறா. போய் நிக்கிறா. வாய் வரமாட்டேங்குது."

இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "அந்த டீச்சர் என்ன செஞ்சாங்கன்னா" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். முடிவைச் சொல்லக் கூடாது இல்லையா, அதனால் நிறுத்துகிறாள் என்று நினைத்தேன். விதியை மறக்கவில்லையே பிள்ளை என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு உள்ளே ஒரே குழப்பம். ஏன் என்கிறாயா? அது அந்தப் புத்தகமே இல்லையம்மா. புத்தகத்தில் வருகிற பெண் எட்டாம் வகுப்பு. மாப்பிள்ளை மளிகைக் கடைக்காரர். அம்மா உயிரோடு இருக்கிறாள், நல்ல பாத்திரம் அது. அந்தப் புத்தகம் முழுக்கத் தேடினாலும் ஒரு லாரி கிடையாது. டீச்சரே கிடையாது. இவள் சரியாகப் படிக்காமல் வந்து கதை விடுகிறாள். எனக்கு எதை வேண்டுமானாலும் மன்னிக்க முடியும், படிக்காமல் படித்த மாதிரி சொல்வதை மட்டும் மன்னிக்க முடியாது. அதுவும் மற்ற பிள்ளைகள் முன்னால் விட்டுவிட்டால் நாளைக்கு எல்லோரும் இதையே செய்வார்கள்.

நான் கோபப்படவில்லை. மைக்கை வாங்கி, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். "நாகஜோதி தைரியமாகப் பேசியிருக்கிறாள், கைதட்டுங்கள். ஆனால் அவள் சொன்ன கதை அறுபத்து மூன்றில் இல்லை. அதில் லாரி வராது. லாரி இவள் சொந்தமாக ஓட்டிக்கொண்டு வந்தது." பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. அவளும் சிரித்தாள். நான் பார்த்தேன், அவளும்தான் சிரித்தாள். அதனால் மனதில் வைத்துக்கொண்டிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. "கடைசிவரைக்கும் படித்துவிட்டு இன்னொரு வெள்ளிக்கிழமை வந்து பேசு" என்றேன். சரிம்மா என்றாள்.

அதற்கப்புறம் வகுப்பில் அவளுக்கு 'லாரி' என்று பேர் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகள் என்றால் அப்படித்தான். என்னைக்கூடப் பின்னால் என்னவோ சொல்வார்கள்.

அவள் அத்தை இருக்கிற ஊர்ப் பிள்ளை ஒருத்தி அதே வகுப்பில். பிரேயரில் நடந்ததை அவள் போய் ஊரில் சொல்லியிருக்கிறாள். எப்படிச் சொன்னாளோ தெரியாது. பங்குனியில் என்று வைத்திருந்ததைப் பொங்கல் லீவிலேயே முடித்துவிட்டார்கள். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது கடைசி பெஞ்சில் ஒரு இடம் காலி. நான்கூட, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன்.

கல்யாணம் முடிந்த பிறகு யாரோ ஃபோன் செய்து அதிகாரிகள் வந்தார்கள். வந்து என்ன? கல்யாணமே நடக்கவில்லை, பேச்சுதான் முடித்தோம் என்று அப்பா எழுதிக் கொடுத்தார். அந்தப் பிள்ளையும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு ஆகும்வரை அப்பா வீட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் ஜீப் திரும்பியதும் அத்தை வீட்டு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பிறகுதான் அந்த அப்பா பள்ளிக்கு வந்து கத்தினார். "சட்டம் பேசுது எம்புள்ள. பதினெட்டு வயசுங்குது. எவ குடுத்தா அந்தப் புத்தகத்தை?" தலைமையாசிரியை ரோஸ்மேரி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் நின்றுகொண்டுதான் இருந்தேன், உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

"ஒரு வார்த்தை சொல்லவில்லை டீச்சர்" என்றேன். சத்தியமாக அதுதானே உண்மை? புத்தகத்தைப் பற்றித்தான் கேட்டாள்.

"பிரேயர்ல மைக்கில சொல்லுச்சே. அது என்ன?"

"அது புத்தக அறிமுகம்" என்றேன். "தப்பான அறிமுகம். நான் திருத்தினேன், நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்." இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்? எனக்குப் பக்கத்தில் நின்று அவரும் சிரித்தாரே. புவனேஸ்வரியும் சிரித்தாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. யாராவது ஒருத்தர் என்னிடம் வந்து, தமிழம்மா, அது அந்தப் பிள்ளையுடைய கதை மாதிரி இருக்கிறதே என்று சொன்னார்களா? இல்லை. இப்போது மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள்.

மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார் என்கிறார்கள். இருக்கட்டுமே. இந்த மார்க்கெட் ஊரில் யார் வீட்டில் லாரி ஓட்டுகிறவர் இல்லை? சரி, அது அவள் கதையாகவே இருக்கட்டும். நேராக வந்து, அம்மா, எனக்கு இப்படி நடக்கப்போகிறது என்று சொல்ல வேண்டியதுதானே? நேராகச் சொன்னால் புரிந்துகொள்ளாதவளா நான்? வாரா வாரம் இதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்? யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் கூப்பிட வேண்டிய ஃபோன் நம்பரைப் பாடப்புத்தகத்தின் பின்னட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார்கள். "பிரச்சினையான புத்தகம்" எதுவும் வெளியே போகக் கூடாது. பிரேயரில் இனிமேல் பொது அறிவு வினாடி வினா. அடுத்த கல்வியாண்டிலிருந்து சாவி விளையாட்டு டீச்சருக்கு. இதுதான் எனக்குக் கிடைத்த மரியாதை. சொல்லு, என் தப்பு என்ன? ஒரு புத்தகம் கொடுத்தேன். சரியான பிள்ளைக்குச் சரியான புத்தகம்தானே கொடுத்தேன்?

என்னம்மா அப்படிப் பார்க்கிறாய்? தண்ணீர் வேண்டுமா? என்னிடம் இருக்கிறது.

இன்றைக்கு எங்கே போய்விட்டு வருகிறேன் தெரியுமா? அவள் வீட்டுக்குத்தான், அந்த அத்தை வீட்டுக்கு. ஒப்படைக்க எண்ணிப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, அறுபத்து மூன்று மட்டும் இல்லை. யாரை அனுப்புவது? நானே இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. அந்த நிழலில் உட்கார்ந்து நாகஜோதி முருங்கைக்காயைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றி, மறு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் எழுந்தாள். முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? "தமிழம்மா, என்னையப் பாக்கவா வந்தீங்க?" என்றாள். "ஆமாம், உன்னைத்தான். அறுபத்து மூன்று உன்னிடம்தானே இருக்கிறது?" என்றேன்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "ஆமாம்மா, எங்கிட்டதான் இருக்கு" என்றாள்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். கோபக்காரி என்று நினைத்துப் போனேன். அப்படியொன்றும் இல்லை. "ஒரு புத்தகத்துக்காகவா டீச்சர் இம்புட்டுத் தூரம்? சொல்லியனுப்பிருந்தா லாரியிலயே குடுத்துவிட்டுருப்போமே" என்று மோர் கொடுத்தார். "நாங்க ஒண்ணும் படிக்க வேணாம்னு சொல்லல. எந்நேரமும் அதையத்தான் வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. பால் பொங்கி வழிஞ்சாலும் தெரியாது. எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்."

எனக்குக் கேட்க நன்றாக இருந்தது. எத்தனை பிள்ளைகள் கல்யாணத்துக்கு அப்புறம் புத்தகத்தைத் தொடுகிறார்கள்?

பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். இதோ பார், பாச்சை உருண்டை வாசம் அடிக்கிறது. கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்தாளே தவிர பிடியை விடவில்லை. "இன்னுங் கொஞ்ச நாளு வச்சுக்கிறட்டாம்மா?" என்று கேட்டாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என் பேரில் அல்லவா நிற்கும்? நாளைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். விட்டுவிட்டாள். அவள் எப்போதுமே சொன்னால் கேட்டுக்கொள்கிற பிள்ளை.

பஸ் நிறுத்தம்வரை வருகிறேன் என்றாள். அத்தை, "காயைக் கட்டு, லோடு வண்டி கெளம்பணும்" என்றார். அதனால் லாரிவரைக்கும்தான் வந்தாள். டயரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தமிழம்மா, அன்னைக்குப் பிரேயர்ல நீங்க சொன்னது சரிதாம்மா."

"எது?"

"கடைசிவரைக்கும் படிக்கச் சொன்னீங்கள்ல. படிச்சேன். எத்தனையோ தடவை படிச்சுட்டேன். நான் சொன்ன கதை அதுல இல்ல. லாரியும் இல்ல, டீச்சரும் இல்ல. அதுல அந்தப் பொண்ணு தப்பிச்சிருது."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முதுகில் தட்டிக்கொடுத்தேன். "இப்போதுதான் ஒழுங்காகப் படித்திருக்கிறாய்" என்றேன். அதற்கு அவள் சிரித்தாள். அன்றைக்கு மைக்குக்குப் பக்கத்தில் சிரித்த மாதிரியே. நான் பஸ் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிறேன், அங்கேயேதான் நிற்கிறாள். காயைக் கட்டாமல் அத்தையிடம் திட்டு வாங்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடடா, உன்னிடம் முடிவைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பரவாயில்லை, இதை இனிமேல் யாருக்கும் கொடுக்கப் போவதில்லையே.

கையில் வாங்கிப் பாரேன். பிரித்துப் பார். ஒரு பக்கம் மடிக்கவில்லை, ஒரு கோடு கிறுக்கவில்லை, அட்டைகூட நான் போட்டது போட்டபடி. எவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

கொடும்மா, என் நிறுத்தம் வந்துவிட்டது. நாளைக் காலையில் இதை அதன் இடத்தில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. என்னைப் பற்றி அவர்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். என் பொறுப்பில் இருந்தவரைக்கும் ஒன்றுகூடத் தொலைந்துபோகவில்லை.